கடலைப் பால்: பச்சை வாடை, திரிதல், பூஞ்சணம் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மானாவாரியில் விளையும் பயறுகளிலிருந்து பால் எடுப்பது பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி நிலக்கடலையைப் பற்றியவை; மீதி கொள்ளு, தட்டைப்பயறு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

நிலக்கடலையை ஊறவைத்து மிக்சியில் அரைத்து வடிகட்டிக் காய்ச்சினேன். பச்சை வாடை போகவே இல்லை. டம்ளரின் அடியில் நறநறவென்று வண்டல் வேறு. அளவும் பக்குவமும் சொல்லுங்கள்.
– ச.மீ., அருப்புக்கோட்டை

அந்த வாடை காய்ச்சும்போது வருவதில்லை, அரைக்கும்போதே வந்துவிடுகிறது. கடலையில் லிப்பாக்சிஜினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. பச்சையாக இருக்கும் பருப்பு உடைந்து, தண்ணீரும் காற்றும் சேர்ந்த மறுகணமே அந்த நொதி எண்ணெயில் வேலையைத் தொடங்கிவிடும். அதிலிருந்து பிறப்பதுதான் பச்சை வாடை. ஒருமுறை வந்துவிட்டால் எவ்வளவு காய்ச்சினாலும் முழுசாகப் போகாது; ஏலக்காய் தட்டிப் போட்டு மறைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே நொதியை அரைப்பதற்கு முன்னாலேயே வெந்நீரில் செயலிழக்கச் செய்துவிட வேண்டும்.

தோடு நீக்கிய நிலக்கடலைப் பருப்பு 200 கிராம். 600 மி.லி. தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா கரைத்து அதில் 6 முதல் 8 மணி நேரம் ஊறவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் 6 மணி நேரத்தைத் தாண்டினால் ஊறல் தண்ணீர் நுரைத்துப் புளிக்கும். அப்படிப் புளித்த பருப்பில் எடுத்த பால் அடுப்பிலேயே திரியும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பருப்பைக் கையால் கசக்கி, மேலே மிதக்கும் தோலை அலசி எடுத்துவிடுங்கள். சிவப்புத் தோலில் துவர்ப்பு இருக்கிறது, பாலும் பழுப்பாகும். தோல் நீக்கிய பருப்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு 3 முதல் 5 நிமிடம் விட்டு வடித்துவிடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதற்காக கால் மணி, அரை மணி வேகவைத்துவிடவும் கூடாது. புரதம் பருப்புக்குள்ளேயே இறுகிப்போய், பாலில் இறங்க வேண்டியது சக்கையோடு போய்விடும்.

அடுத்தது அரைப்பது. முதலில் ஒரு கை தண்ணீர் மட்டும் விட்டு விழுதாக அரைத்து, பிறகு சூடான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் ஓட்டுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், மிக்சி மூடி எகிறும். ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். மொத்தத் தண்ணீர் 1,200 மி.லி., அதாவது பருப்பின் எடையில் ஆறு பங்கு. அதில் ஒரு லிட்டரை முதல் அரைப்புக்கும், மீதி 200 மி.லி.யைச் சக்கையை மறுபடி அரைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலில் இரண்டாம் பால் எடுப்பதைப் போலத்தான். டீ வடிகட்டி போதாது; பழைய பருத்தி வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக்கிப் பிழியுங்கள். பிழிந்ததை இருபது நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் படியும் வண்டலை விட்டுவிட்டு மேலாக இறுத்துக்கொண்டால் நறநறப்பு இருக்காது.

காய்ச்சும்போது கரண்டியால் அடியைத் துழாவிக்கொண்டே இருங்கள். பசும்பாலைவிடச் சீக்கிரம் அடிப்பிடிக்கும். நுரைத்துப் பொங்கி வரும்போது பால் இன்னும் கொதித்திருக்காது. தீயைக் குறைத்து, நுரை அடங்கிய பிறகு 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ சேர்ப்பதானால் இறக்கி, சூடு தணிந்த பிறகு சேருங்கள். வெல்லத்தில் உள்ள புளிப்பு கொதிக்கும் பாலைத் திரித்துவிடும். ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம்; அது இல்லாவிட்டால் பால் சப்பென்று இருக்கும்.

ஊறவைக்காமல் லேசாக வறுத்தும் எடுக்கலாம். வாணலியில் இளந்தீயில், தோல் கழலும் அளவுக்கு வறுத்தால் போதும், நிறம் மாறக் கூடாது. வறுத்ததை 2 மணி நேரம் ஊறவைத்து அரைத்தால் வாடையே இராது, ருசியும் கூடும். ஆனால் பால் கொஞ்சம் குறையும், வண்டல் கூடும். நன்றாகச் சிவக்க வறுத்த கடைக் கடலையில் பால் எடுக்க முயன்றால் கிடைப்பது கடலை கரைத்த தண்ணீர்தான்.

மேலே ஏடாகப் படிவதைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அது குறை இல்லை. கடலையில் நூற்றுக்கு 40 பங்கு எண்ணெய். வீட்டு மிக்சியால் அதை நுண்துளியாக உடைக்க முடியாது. குலுக்கிவிட்டுக் குடிக்கலாம்.

டீக்கு நன்றாக இருக்கிறது. ஃபில்டர் காபிக்கு ஊற்றினால் மட்டும் திரிதிரியாகப் பிரிகிறது.
– ஆர்.வி., கும்பகோணம்

கடலைப் புரதம் புளிப்புக்குத் தாங்காது. அமிலத்தன்மை பி.எச். 5-ஐ (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) நெருங்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கி, 4.5 அளவில் முழுக்கத் திரண்டுவிடும். கெட்டியான டிகாக்‌ஷன் ஏறக்குறைய 5-இல்தான் நிற்கிறது. சூடு சேர்ந்தால் இன்னும் வேகம்.

காலையில் இறக்கிய டிகாக்‌ஷனைச் சாயங்காலம் வரை வைத்திருந்தால் புளிப்பு ஏறும், எனவே புதிதாக இறக்கியது நல்லது. அரபிகாவைவிட ரொபஸ்டா கூடுதலாகக் கலந்த, கொஞ்சம் கருக வறுத்த தூளில் புளிப்பு குறைவு. பாலை ஆவி பறக்கும் அளவுக்குச் சுடவைத்து, டம்ளரில் முதலில் பால், அதன்மேல் டிகாக்‌ஷனைச் சன்னமாக ஊற்றிக் கலக்குங்கள். கொதிக்கும் டிகாக்‌ஷனில் குளிர்ந்த பாலை ஊற்றினால் திரியாமல் இருந்தால்தான் அதிசயம். இவ்வளவு செய்தும் திரிந்தால் 200 மி.லி. பாலுக்கு அரைச் சிட்டிகை சமையல் சோடா. அதற்கு மேல் போட்டால் சவர்க்கார ருசி வந்துவிடும். கடைப் பானங்களில் இதே வேலைக்குப் பாஸ்பேட் உப்பு சேர்க்கிறார்கள்.

இஞ்சி டீ போடுகிறவர்கள் இஞ்சியைத் தேயிலைத் தண்ணீரிலேயே நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பால் சேர்க்கவும். பச்சை இஞ்சியிலும் புரதத்தை வெட்டும் நொதி உண்டு.

மானாவாரியில் கடலை போட்டேன். காய் பிடிக்கிற நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டது. மூட்டையில் அங்கங்கே பச்சைப் பூஞ்சணம் தெரிகிறது. பாலைக் கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
– க.மு., செங்கம்

போகாது. கொதியில் பூஞ்சணம் சாகும். அது விட்டுச்சென்ற அஃப்ளாடாக்சின் அப்படியே இருக்கும். 100 டிகிரி சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வறுத்தால் ஒரு பங்கு குறையும், நம்பிச் சாப்பிடும் அளவுக்குக் குறையாது. அரைத்துப் பிழியும்போது அந்த நஞ்சு பாலிலும் சக்கையிலும் பிரிந்து தங்கும். ஈரலைப் பாதிக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக நிறுவப்பட்ட நஞ்சு இது. அந்த மூட்டையைப் பாலுக்கோ துவையலுக்கோ எடுக்காதீர்கள்.

வறட்சி தாங்கும் பயிர் என்று கடலையைச் சொல்கிறோமே, அது செடி பிழைப்பதையும் கொஞ்சமாவது காய்ப்பதையும் பற்றிய பேச்சு. பருப்பு நல்லதாக இருக்குமா என்பது தனிக் கணக்கு. பூஞ்சணம் மண்ணிலேயே இருக்கிறது. செடிக்கு ஈரம் இருக்கும்வரை காய் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்களைச் சுரந்து அதை அண்டவிடாது. அறுவடைக்கு முந்தைய மூன்று முதல் ஆறு வாரத்தில் மண் காய்ந்து சூடேறினால் காயின் ஈரம் குறைந்து அந்தச் சுரப்பு நின்றுவிடும். பூஞ்சணம் ஓட்டைத் துளைத்து உள்ளே போகும். கரையான் அரித்த காயிலும், களைக்கொத்து பட்ட காயிலும் கேட்கவே வேண்டாம். உங்கள் வயலில் நடந்தது இதுதான்.

அடுத்த போகத்துக்குச் சில வேலைகள். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40-ஆம் நாளிலிருந்து 75-ஆம் நாளுக்குள் ஈரம் கிடைக்கும் நேரம் பார்த்துப் போட்டு மண் அணையுங்கள். ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) கிடைத்தால் ஓடும் பருப்பும் திடமாகும். காய் பிடிக்கும்போது ஒரே ஒரு உயிர்த்தண்ணீர் விட முடிந்தாலும் விட்டுவிடுங்கள். அறுவடைக்கு முன்பே வாடிச் செத்த செடிகளின் காயை நல்ல காயோடு கலக்காதீர்கள். பூஞ்சணம் அதிகம் இருப்பது அவற்றில்தான். பிடுங்கிய பிறகு மண்ணில் தங்கி, கொத்திப் பொறுக்கிய காயும் அப்படியே.

பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டு உலர்த்துங்கள், ஈரத்தோடு அம்பாரம் போடாதீர்கள். ஈரப்பதம் 8–9 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலக்கும், விரலால் தேய்த்தால் தோல் உரியும், அதுதான் கைக்கணக்கு. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, உடைக்கும்போது பருப்பு பிளக்கக் கூடாதென்று காய் மேல் தண்ணீர் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். எடையும் கொஞ்சம் கூடும் என்பது சொல்லாத காரணம். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் நன்றாக உலர்ந்த கடலையிலும் பூஞ்சணம் பிடித்துவிடும். கடையில் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்: பருப்பு கையில் சில்லென்று ஈரமாகப் பட்டால் வாங்காதீர்கள்.

பாலுக்கென்று எடுக்கும் பருப்பை முறத்தில் பரப்பி, சூம்பியது, சொத்தை, முளைவிட்டது, தோல் கறுத்தது, உடைந்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுங்கள். ஊறவைக்கும்போது மிதப்பதையும் எடுத்துவிடுங்கள். தோல் நீக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்: நல்ல பருப்பு தந்த நிறத்தில் இருக்கும், கெட்டது மஞ்சளாகவோ பழுப்பாகவோ தனித்துத் தெரியும். இரண்டு பிளவுக்கும் நடுவில் சாம்பலோ பச்சையோ பூத்திருந்தால் அதை எறிவதோடு நிற்காமல் அந்த ஈடு முழுவதையும் சந்தேகப்படுங்கள். இந்த நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மிகச் சில பருப்பில் மட்டும் குவிந்துகிடக்கும். அதனால்தான் கையால் பொறுக்குவதற்கு இவ்வளவு பலன். ஆனால் நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. விற்பனைக்குச் செய்கிறவர்கள் ஆய்வகச் சோதனை இல்லாமல் இறங்கக் கூடாது. மேற்கொண்டு பதப்படுத்துவதற்கான கடலையில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிப்பது கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான்.

எட்டு மாதக் குழந்தைக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை. கடலைப் பால் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

வேண்டாம். ஒரு வயதுக்குள் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பால்மாவுக்கோ மாற்றாக எந்தப் பயறுப் பாலும் ஆகாது. கடலை ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு மூச்சையே அடைக்கும். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பசும்பாலுக்கு நிகரான சத்து என்று கடலைப் பாலை விற்கிறார்களே?
– தே.ஜா., நாகர்கோவில்

புரதத்தில் கிட்டத்தட்ட நெருங்கும், சுண்ணாம்பில் கிட்டவே வராது. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் கடலையில் 25 கிராம் புரதம், 90 மில்லிகிராம் கால்சியம். மேலே சொன்ன அளவில் 200 கிராமுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பால் கிடைக்கிறது. புரதத்தில் மூன்றில் இரண்டு பங்கு பாலில் இறங்கினாலும் 100 மி.லி.க்கு 3 கிராம் வந்துவிடும். பசும்பாலிலும் அதே அளவுதான். கால்சியமோ, அத்தனையும் பாலுக்கே வந்தாலும் 100 மி.லி.க்கு 17, 18 மில்லிகிராமைத் தாண்டாது. பசும்பாலில் 120. பி12 வைட்டமின் துளியும் கிடையாது. புரதத்திலும் லைசின் என்ற பகுதி குறைவு. அது பருப்பு, பயறு வகைகளில் கிடைத்துவிடும்.

பாலை அடியோடு விட்டவர்கள் கேழ்வரகு, எள், கீரை என்று கால்சியத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். பி12-க்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுப்பதே வழி. பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்குக் கடலைப் பால் நல்ல மாற்று. அதைச் சொல்லி விற்றாலே போதும், நிகர் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது புதிய சங்கதியும் இல்லை. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், கடலைப் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பாலோடு கலந்து, இருக்கிற பாலைக் கூடுதல் பேருக்குக் கொடுக்க ‘மில்டோன்’ என்ற பானத்தைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கியது.

கொள்ளில் இதே முறையில் எடுத்தேன். அடுப்பில் வைத்ததும் கூழாகிவிட்டது. ஆப்பிரிக்காவில் பம்பாரா நிலக்கடலை என்று ஒன்றில் பால் எடுக்கிறார்களாமே, அதுவும் இப்படித்தானா?
– பொ.ரா., கோவில்பட்டி

கொள்ளில் கொழுப்பு அரைச் சதவீதம்தான், மாவுச்சத்து உள்ளிட்ட கார்போஹைட்ரேட் 57 சதவீதம். 70 டிகிரியை எட்டும்போது மாவு வீங்கி, நீங்கள் கண்ட கூழாகிறது. தட்டைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாமே இந்தச் சாதிதான். பம்பாராவும் அப்படியே: நிலத்துக்குள் காய்க்கும், பெயரிலும் கடலை இருக்கிறது, ஆனால் கொழுப்பு ஆறேழு சதவீதம்தான். மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, மோசமான மண்ணிலும் விளையும் பயிர். நைஜீரியாவில் அதன் மாவைக் கரைத்து ஆவியில் வேகவைத்து ‘ஒக்பா’ என்று சாப்பிடுகிறார்கள். பாலுக்கு எடுத்தால் கொள்ளின் பக்குவம்தான் சரிப்படும், கடலையின் பக்குவம் இல்லை.

100 கிராம் கொள்ளை 10 மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் முளைக்கவிடுங்கள். 700 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் அரைத்துப் பிழிந்து, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் அசையாமல் வையுங்கள். வெள்ளையாக மாவு அடியில் கட்டிக்கொள்ளும். அதைக் கலக்காமல் மேல் பாலை மட்டும் இறுத்துக் காய்ச்சினால் கூழ் பாதியாகக் குறையும்.

மீதியைக் குறைக்க முளைகட்டிய கேழ்வரகு மாவு உதவும். பாலைத் துழாவிக்கொண்டே சுடவைத்து, கெட்டிப்பட ஆரம்பித்ததும் இறக்கி, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒரு டீஸ்பூன் மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி மூடிவையுங்கள். 20, 30 நிமிடத்தில் முளையிலுள்ள அமிலேஸ் நொதி கொள்ளின் மாவுச்சத்தை அறுத்து, பால் நீர்த்து ஓடும், லேசான இனிப்பும் வரும். பிறகு கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருட்கள் இருப்பதால் இந்த நேரத்தைக் குறைக்கக் கூடாது. கொதிக்கிற பாலில் மாவைப் போட்டால் நொதி செத்து, கூழ் இன்னும் கெட்டியாகும். வறுத்து அரைத்த கடை மாவும் பயன்படாது, அதிலும் நொதி இருக்காது. முளைகட்டி வெயிலில் உலர்த்தி அரைத்ததாக இருக்க வேண்டும். கையால் சூடு பார்த்துச் செய்வது கஷ்டம், ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். கடைசியில் அரை லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் கடலை எண்ணெய் விட்டு மிக்சியில் ஒரு சுற்று சுற்றினால் பால் என்று சொல்லும்படி இருக்கும்.

சுக்கு, பனங்கருப்பட்டியோடு குடிக்க நன்றாகவே இருக்கும். காபிக்கு வேண்டாம். எங்களைக் கேட்டால், கொள்ளுக்கு ரசம்தான் பொருத்தம்.

தயிர் உறையுமா?
– இரு வாசகர்கள்

உறையும், கட்டியாக வராது. பாலில் உள்ள கேசின் புரதம் கட்டும் வலை கடலையில் கிடையாது. அதோடு உறைக்கிருமிக்குப் பிடித்த பால் சர்க்கரையும் இல்லை. அரை லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்டால்தான் புளிப்பு ஏறும். ஐந்து பங்கு தண்ணீரில் எடுத்த கெட்டிப் பாலைக் காய்ச்சி, 42 டிகிரிக்கு ஆற்றி, ஒரு டேபிள்ஸ்பூன் தயிர் ஊற்றி ஆறேழு மணி நேரம் ஆட்டாமல் வையுங்கள். பால் பொருளே வேண்டாம் என்பவர்கள் ஐந்தாறு பச்சை மிளகாய்க் காம்பு போடலாம், நேரம் கூடுதலாகும். தண்ணீர் பிரிந்து நிற்பது இயல்பு. மோருக்கும் மோர்க்குழம்புக்கும் சரியாக இருக்கும். மோர்க்குழம்பைக் கொதிக்கவிடாமல் நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள்.

மகளிர் குழுவாகச் சேர்ந்து பாட்டிலில் அடைத்து விற்க நினைக்கிறோம். கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடினால் ஒரு மாதம் தாங்குமா?
– ஒரு குழுவினர், விருத்தாசலம்

தாங்குவது போலத் தெரியும், அதுதான் ஆபத்து. கடலைப் பாலில் புளிப்பு இல்லை. கொதியில் சாகாத கிருமி வித்துகள் காற்றில்லாத பாட்டிலுக்குள் முளைத்துப் பெருகும். அவற்றில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற உயிர்க்கொல்லியும் இருக்கலாம். வாடையோ நிறமோ மாறாமலேயே நஞ்சாகிவிடும். வெளியில் வைத்து விற்க வேண்டுமானால் அழுத்தத்தில் 121 டிகிரிக்குச் சூடேற்றும் ரிட்டார்ட் கருவி வேண்டும். அது இல்லாதவரை, காய்ச்சிய உடனே பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக் குளிரவைத்து, 4 டிகிரியில் வைத்து, மூன்று நாள் கெடு போட்டு உள்ளூரிலேயே விற்பதுதான் சரி. ஃபிரிட்ஜ் இல்லாத பெட்டிக்கடைக்குக் கொடுக்காதீர்கள்.

லேபிளில் ‘பால்’ என்று அச்சடிக்க முடியாது. கறவைப் பால் அல்லாத பானத்துக்கு அந்தச் சொல்லை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிப்பதில்லை. வழக்கத்தில் உள்ள தேங்காய்ப்பாலுக்கு மட்டும் விலக்கு. ‘நிலக்கடலைப் பானம்’ என்று போடுங்கள். ‘நிலக்கடலை உள்ளது’ என்ற ஒவ்வாமை எச்சரிக்கையும் கட்டாயம். ‘வீகன்’ என்று போட விரும்பினால் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி தனி ஒப்புதல் வாங்க வேண்டும்.

மிஞ்சும் சக்கையை என்ன செய்வது?
– ச.மீ., அருப்புக்கோட்டை

அடை மாவில் கலக்கலாம், வறுத்த மிளகாய், புளி, பூண்டோடு துவையல் அரைக்கலாம், இளந்தீயில் வறுத்து இட்லிப் பொடியில் சேர்க்கலாம். ஈரச் சக்கை வெயில் காலத்தில் நாலைந்து மணி நேரத்தில் நாறிவிடும், உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். மாட்டுக்கும் அன்றன்றைக்கே வைக்கலாம். ஆனால் பொறுக்கித் தள்ளிய பூஞ்சணக் கடலையை மாட்டுத் தொட்டியில் கொட்டாதீர்கள். கறவை மாடு அதைத் தின்றால் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வடிவில் அதன் பாலிலேயே இறங்கும்; எரித்துவிடுங்கள், அல்லது ஆழப் புதையுங்கள்.